பக்ஸ்கின் கல்ச் பாறை இடுக்கில் மூன்று நாள் நடை: ஆகஸ்டில் போகலாமா?

திருநகர் நடையன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 47 வயது. மதுரை திருநகரில் குடியிருக்கிறேன். என் அக்காள் மகன் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். வரும் ஆகஸ்டில் அவனைப் பார்க்கப் போகிறேன். அப்போது யூட்டா மாநில எல்லையில் இருக்கும் பக்ஸ்கின் கல்ச் என்ற பாறை இடுக்கில் மூன்று நாள் நடந்துவிட்டு வரலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். இவ்வகை இடுக்கை அங்கே ஸ்லாட் கேன்யன் என்கிறார்கள். வெள்ளம் மணற்பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பிளவு அது. பல இடங்களில் அகலம் சில அடிதான், ஆழமோ சில நூறு அடி. அந்த இனத்தில் உலகிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்றாகப் பக்ஸ்கினைச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இரண்டு சுவர்களுக்கு நடுவிலேயே நடக்க வேண்டியிருக்குமாம்.

வயர் பாஸ் என்ற இடத்தில் இறங்கி, பக்ஸ்கின் வழியே பரியா ஆற்றோடு சேரும் சங்கமம் வரை நடந்து, அங்கிருந்து ஆற்றை எதிர்த்து ஒயிட் ஹவுஸ் என்ற இடத்துக்கு வந்து கரையேறுவது எங்கள் திட்டம். மொத்தம் 34 கிலோமீட்டர் அளவில் வருகிறது. இருபது ஆண்டுகளாக ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறி வருகிறேன். அழகர்மலையில் நூபுர கங்கைக்கு நடந்து போகாத மாதமே கிடையாது. ஆனால் மூன்று நாள் உணவையும் படுக்கையையும் முதுகில் சுமந்து நடந்த அனுபவம் எனக்கு இல்லை. பாலைவனத்தையும் கண்ணால் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் இதற்கு ஏற்றதா என்பது என் முதல் சந்தேகம். அங்கே மழை அபூர்வம், வானம் நீலமாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை என்கிறான் மருமகன். தண்ணீருக்கு என்ன செய்வது, இங்கிருந்து எதைக் கொண்டு போவது, எஞ்சியிருக்கும் மூன்று மாதத்தில் உடலை எப்படிப் பழக்குவது என்பவற்றையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாகமலைக்காரன் எழுதிய பதில்:

வணக்கம் அண்ணன். அரிசோனாவில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். நீங்கள் சொல்லும் அதே பாதையில் ஒரு மே மாதத்தில் நண்பர்கள் மூவரோடு நடந்திருக்கிறேன். முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடுகிறேன்: ஆகஸ்டில் போகாதீர்கள்.

நமக்குத் தென்மேற்குப் பருவமழை இருப்பது போல, அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதிக்கும் ஒரு பருவமழை உண்டு. ஜூலை தொடங்கிச் செப்டம்பர் வரை பிற்பகல்களில் இடியோடு கொட்டும் அந்த மழைதான் இந்த இடுக்குகளுக்கு எமன். உங்கள் மருமகன் நீல வானத்தைப் பற்றிச் சொன்னது அங்கே பலரும் நம்பிக் கெட்ட நம்பிக்கை. 1997 ஆகஸ்ட் 12 அன்று, பேஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆன்டலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை கொட்டியது பல கிலோமீட்டர் தள்ளி, மேற்பகுதியில். 2015 செப்டம்பர் 14 அன்று சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர் மாண்டார்கள். அந்த ஏழு பேரும் முறைப்படி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள் என்பதை மறக்க வேண்டாம். அனுமதிச் சீட்டு உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுமே தவிர, வெள்ளம் வராது என்று உத்தரவாதம் கொடுக்காது.

பரியா ஆற்றின் தலைப்பகுதி பிரைஸ் கேன்யன் பக்கம் இருக்கிறது. நீங்கள் நடக்கும் இடத்துக்கும் அதற்கும் வெகு தொலைவு. பக்ஸ்கினுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற வானம் ஒரு வேட்டிக் கரை அகலம்தான் இருக்கும். அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? ஏறித் தப்பிக்கவும் வழி கிடையாது. நடுவழி என்று பொருள்படும் மிடில் ரூட் என்ற இடத்தில் மட்டும், அதுவும் பாதித் தொலைவைத் தாண்டிய பிறகு, பாறையைப் பற்றித் தொற்றி ஏறலாம். அதைப் படிக்கட்டு என்று எண்ணிவிடாதீர்கள். என்னோடு வந்தவர்களில் ஒருவர் பாறை ஏறப் பழகியவர். அவரே அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதில் பையோடு ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஒரு பருவம், அக்டோபர் இன்னொரு பருவம். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரவு தங்குவதற்கு ஒரு நாளைக்கு 20 பேருக்கு மட்டுமே அனுமதி. ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. நல்ல பருவத்து நாட்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் சில மாதம் முன்னதாகவே இணையத்தில் பதிய வேண்டும்.

அடுத்தது குளிர். மே மாதப் பாலைவனத்தில் குளிரா என்று நானும் சிரித்தேன். வெயில் படாத இடுக்கில், போன வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் குட்டைகள் மாதக்கணக்கில் கிடக்கும். சில ஆண்டுகளில் அவை கணுக்கால் அளவு. சில ஆண்டுகளில் மார்பளவு. நாங்கள் போனபோது இடுப்பளவு இருந்தது. நான்காவது குட்டையில் கால் வழுக்கி நான் பையோடு உட்கார்ந்துவிட்டேன். தூங்கும் பையை நெகிழி உறைக்குள் கட்டாமல் வைத்திருந்ததால் அன்றிரவு முழுவதும் பல் கிட்டித்துக்கொண்டிருந்தேன். உடுப்பு, படுக்கை, தீப்பெட்டி எல்லாவற்றையும் நீர்புகாத உறைகளில் தனித்தனியாகக் கட்டிவிடுங்கள். காலுக்கு நியோப்ரீன் காலுறை (நனைந்தாலும் சூடு காக்கும் ரப்பர் வகைக் காலுறை) போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் இறங்குமுன் கைத்தடியால் ஆழம் பார்ப்பது மிகவும் அவசியம்.

சங்கமத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் முன்னால் பெரும்பாறைகள் சரிந்து வழியை அடைத்துக் கிடக்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அதன் அமைப்பு மாறுகிறது. ஓர் ஆண்டு பாறைக்கு அடியில் புகுந்து போகலாம், அடுத்த ஆண்டு அந்தப் பொந்து மணலால் மூடிக் கிடக்கும். பைகளை இறக்க ஒரு கயிறு இல்லாமல் போகாதீர்கள். அதைத் தாண்டிச் சங்கமத்தை நெருங்கும்போது, வெள்ளம் எட்டாத உயரத்தில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. முதல் இரவுக்கு அதுதான் இடம். அந்தத் திட்டை வெளிச்சம் இருக்கும்போதே அடைவதற்கு, காலை ஆறு மணிக்கெல்லாம் வயர் பாஸில் இறங்கியிருக்க வேண்டும்.

பழைய மதகுக்காரர் எழுதிய பதில்:

நான் பாலைவனம் பார்த்தவன் அல்லன். வைகைப் பாசனத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலே தம்பி எழுதியதைப் படித்தபோது, நம் ஊரில் ஆண்டுதோறும் நடப்பதையே வேறு பெயர்களில் படிப்பது போல இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு தூற்றல் கூட விழாத நாளில் யானைக்கல் தரைப்பாலத்தைத் தண்ணீர் மூழ்கடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழை வருசநாட்டு மலையில் பெய்திருக்கும். நமக்கு ஏன் ஆபத்து குறைவு என்றால், நடுவில் வைகை அணை இருக்கிறது. 71 அடி கொள்ளளவில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதுமே முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவோம். ஐந்து மாவட்டத்துக்கும் செய்தி போய்விடும். ஆற்றில் இறங்காதே என்று தண்டோரா போட்ட காலமும் உண்டு, இப்போது ஒலிபெருக்கி. அணை இல்லாத ஓடைகளிலும் நம் நாட்டில் வழிநெடுகக் கண்மாய்கள் இருக்கின்றன. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போவதற்குள் வெள்ளத்தின் வேகம் செத்துவிடும். மீதியைக் கரிசலும் செம்மண்ணும் குடித்துவிடும்.

திருநகர்த் தம்பி போகும் இடத்தின் படங்களைப் பார்த்தேன். மேலே முழுக்க மொட்டைப் பாறை. மண்ணும் இல்லை, வேரும் இல்லை, தடுத்து நிறுத்த ஒரு வரப்பு கூட இல்லை. பெய்கிற மழை அத்தனையும் சாய்வு பார்த்து ஓடி அந்த ஒரே பிளவுக்குள் விழும். அகலமான ஆற்றில் ஒரு அடி உயரும் நீர், பத்து அடி அகலமுள்ள இடுக்கில் எத்தனை அடி உயரும் என்பதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. அது தெளிந்த நீராகவும் வராது. மணல், மரத்தடி, உருண்டைக் கல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு குழம்பாக வரும். அதில் நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான்.

சதுரகிரி ஏறுகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். மாங்கனி ஓடையையும் சங்கிலிப்பாறை ஓடையையும் காலால் தாண்டிப் போனவர்கள், மலை உச்சியில் பெய்த மழையால் திரும்ப முடியாமல் தவித்திருக்கிறார்கள். 2015 மே மாதத்தில் அங்கே காட்டாற்று வெள்ளத்தில் உயிர்கள் போயின. அதன் பிறகு பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்களில் மட்டும்தான் மலையேற விட்டார்கள். மழை என்றால் அடிவாரத்துத் தாணிப்பாறையிலேயே தடுத்துவிடுகிறார்கள். பக்ஸ்கின் வாயிலில் உங்களைத் தடுக்க வனக்காவலர் நிற்கமாட்டார். ஒயிட் ஹவுஸ் செல்லும் பாதையருகே வனப்பகுதி அலுவலர்களின் தகவல் நிலையம் ஒன்று இருப்பதாக அறிகிறேன். அங்கே நேரில் போய், மேற்பகுதியில் கடந்த இரண்டு நாளில் பெய்த மழையையும் அடுத்த மூன்று நாள் கணிப்பையும் கேளுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் திரும்பிவிடுங்கள்.

போடிச் சகோதரி எழுதிய பதில்:

வெள்ளத்தைப் பற்றி ஐயா எழுதிய பிறகு நான் சேர்க்க ஒன்றுமில்லை. சுமை, தண்ணீர், உணவு ஆகியவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் செவிலியராக இருக்கிறேன். இமயமலையில் சில நெடுநடைகள் போயிருக்கிறேன்.

பக்ஸ்கினுக்குள் குடிக்கத்தக்க நீர் கிடையாது. குட்டைகளில் இருப்பது அழுகலும் சேறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், சங்கமம் வரைக்கும் இரவுச் சமையலுக்கும் சேர்த்து 6 லிட்டராவது முதுகில் இருக்க வேண்டும். தண்ணீர் மட்டுமே 6 கிலோ. பையின் மொத்த எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், மற்ற எல்லாவற்றையும் குறைக்க வேண்டியிருக்கும். பரியா ஆற்றின் சுவர்களில் நல்ல ஊற்றுகள் இருக்கின்றன. ஆனால் பிக் ஸ்பிரிங் என்று பெயர்பெற்ற ஊற்று சங்கமத்துக்குக் கீழே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் எதிர்த்திசையில் ஒயிட் ஹவுஸுக்குப் போகிறீர்கள். ஆகவே ஆற்று நீரைத்தான் குடிக்கப் போகிறீர்கள்.

அந்த ஆற்று நீர் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கும். அப்படியே வடிகட்டியில் ஊற்றினால் பத்தே நிமிடத்தில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நம் பாட்டிமார் கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடுவார்களே, அதே வேலையை அங்கே படிகாரத்தைக் கொண்டு செய்கிறார்கள். மடக்கும் வாளியில் நீரை மொண்டு, ஒரு சிட்டிகை படிகாரத்தைக் கலக்கி, இரவு முழுவதும் அசையாமல் வைத்து, காலையில் மேல்நீரை மட்டும் இறுத்து வடிகட்டியில் விடுங்கள். தெளிந்துவிட்டது என்பதற்காக நேரே குடித்துவிடாதீர்கள். மேற்பகுதியில் மாடுகள் மேய்கின்றன. தேற்றாங்கொட்டையை இங்கிருந்து எடுத்துப் போகலாமே என்று தோன்றும். அது விதை. அமெரிக்கச் சுங்கத்தில் விதைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, வீண் வம்பு. படிகாரம் அங்கே கடைகளில் மசாலாப் பொருள் அடுக்கிலேயே கிடைக்கும்.

உணவுக்கு அவல், சத்துமாவு, பொரிவிளங்காய் உருண்டை, கடலை மிட்டாய் போதும். புளிக்காய்ச்சல் கொஞ்சம் கொண்டு போனால் ஊறவைத்த அவலில் பிசைந்து சாப்பிடலாம், அடுப்பே வேண்டாம். எல்லாவற்றையும் அமெரிக்கச் சுங்கத்தில் உணவு என்று சொல்லிக் காட்டிவிடுங்கள். அடுப்பு வேண்டுமென்றால் எரிவாயுக் குடுவையை அங்கே வாங்க வேண்டும், விமானத்தில் விடமாட்டார்கள். விறகு மூட்டுவதற்கு அந்தப் பள்ளத்தாக்கில் தடை இருக்கிறது.

கூச்சப்படாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இடுக்கில் மலத்தைப் புதைக்க இடமில்லை. அதற்கென்று உள்ள பைகளில் கட்டி, கடைசி வரை சுமந்து வெளியே கொண்டு வர வேண்டும் என்பது சட்டம். நம்மவர்கள் பலர் இதைக் கேட்டதும் முகம் சுளித்து, அங்கே போய் ஏமாற்றப் பார்க்கிறார்கள். இருபது பேர் படுத்துறங்கும் ஒரே மணல் திட்டை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பயிற்சிக்கு மலையேறுவதை விட மணலில் நடப்பது உங்களுக்கு அதிகம் உதவும், ஏனென்றால் அந்தப் பாதையில் ஏற்றம் குறைவு; கல்லும் மணலும் சேறும்தான். சோழவந்தான் பக்கம் வைகை மணலில், முதலில் 5 கிலோ, பிறகு வாரத்துக்கு ஒரு கிலோவாகக் கூட்டி, ஈரக் காலணியோடு நடந்து பழகுங்கள். ஈரத்தில் எங்கே கொப்புளம் வருகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும். காட்டுக்குள் பயிற்சி எடுப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதியோடு மட்டும் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்களை எங்கள் ஊர் மருத்துவமனைக்குக் கொண்டு வந்த இரவை நான் மறக்கவில்லை.

பாண்டிகோவில் பையன் எழுதிய பதில்:

பக்ஸ்கினை விட்டுவிட்டு, ஒயிட் ஹவுஸிலிருந்து லீஸ் ஃபெரி வரை பரியா ஆற்றோடே 61 கிலோமீட்டர் போகலாமே? ஐந்து நாள் ஆகும். ஆனால் ஊற்றுகள் வழியிலேயே வரும், பள்ளத்தாக்கும் போகப் போக அகன்றுவிடும். கொலராடோ ஆற்றங்கரையில் போய் முடியும். கொண்டோர் கழுகுகளைப் பார்க்கவும் வாய்ப்புண்டு. காப்பிடங்களில் வளர்த்த அவற்றை 1996 முதல் அங்கே வெர்மிலியன் மலைச்சுவரில் பறக்க விடுகிறார்கள்.

நாகமலைக்காரன் எழுதிய பதில்:

தம்பி சொல்வது நல்ல பாதை. ஆனால் அதிலும் சங்கமத்துக்கு முன்னும் பின்னும் குறுகலான பகுதி உண்டு, எனவே ஆகஸ்ட் பற்றிய பேச்சு மாறாது. புதைமணலும் அந்த ஆற்றில்தான் அதிகம். முழங்கால் வரை இழுக்கும், ஆளை விழுங்காது. பதறாமல் பின்னால் சாய்ந்து காலை மெல்ல உருவ வேண்டும். முதல் சுமைநடைக்கு ஐந்து நாள் நீளம் என்பது என் எண்ணம். வண்டி ஏற்பாட்டிலும் தொல்லை உண்டு: இரு முனைக்கும் நடுவே காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். யூட்டாவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுவார்கள், அரிசோனாவில் தள்ளுவதில்லை. இதை மறந்து வண்டிக்காரரை ஒரு மணி நேரம் காக்க வைத்தவர்களில் நானும் ஒருவன். வயர் பாஸுக்குப் போகும் ஹவுஸ் ராக் சாலை மண்சாலை. நனைந்தால் களிமண், கார் நகராது.

கைப்பேசிக்கு அங்கே அலைவரிசை கிடையாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுங்கள். இடுக்குக்குள் வானம் மறைவதால் அதுவும் தாமதமாகவே வேலை செய்யும். விலை குறைவு என்று வாங்கி ஊருக்கு எடுத்து வந்துவிடாதீர்கள், அண்ணன். உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வந்தவர்களை விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள்.

திருநகர் நடையன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு மருமகனுக்கு இவை அனைத்தையும் அனுப்பினேன். ஆன்டலோப் கேன்யன் செய்தியை அவனும் தேடிப் படித்துவிட்டு, "மாமா, ஆகஸ்டில் நீங்கள் வந்து வீட்டில் இருங்கள், போதும்" என்று சொல்லிவிட்டான். ஆகஸ்ட் பயணத்தையே தள்ளிவைத்துவிட்டேன். அடுத்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, மே நடுவில் புறப்படுவதாக முடிவு செய்திருக்கிறோம். கத்திரி வெயிலிலிருந்து தப்பிக் குளிரில் நடுங்கப் போகிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். தகவல் நிலையத்தில் மழை என்று சொன்னால், பேஜ் ஊரிலேயே இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்புவது என்றும் இருவரும் இப்போதே பேசிக்கொண்டோம். அங்கே போன பிறகு பேசினால் ஆசை கண்ணை மறைக்கும். நேற்று மாலை 5 கிலோ அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு வைகை மணலில் நடந்தேன். ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

நாகமலைத் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: அந்தப் பாறை அடைப்புக்குக் கயிறு எத்தனை நீளம் வேண்டும்?

நாகமலைக்காரன்:

15 மீட்டர் போதும் அண்ணன், விரல் பருமனில். அது பைகளை இறக்குவதற்கு. அங்கே முன்னால் போனவர்கள் கட்டிவிட்டுப் போன கயிறுகள் தொங்கிக்கொண்டிருக்கும். எத்தனை வெள்ளத்தில் நைந்ததோ, அவற்றில் உடல் எடையை ஏற்றாதீர்கள். பையை முதலில் இறக்கிவிட்டு, மருமகன் கீழே நின்று கால் வைக்கும் இடத்தைச் சொல்லச் சொல்ல, பாறையைப் பார்த்தபடி நீங்கள் இறங்குங்கள்.